ஹட்டனில் சொன்ன சாட்சி

ஷெர்லினுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய அப்பா காமராஜ் தன் இரும்புக் கடையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைச் சொல்வார். பாடகர் குழுவை நடத்தும் தேவா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். அவளே சொல்லிச் சிரிப்பாள். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. தென்காசிக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிறவள் அவள்தான். வாலிபர் கூட்டத்துக்கு வராமல் வீட்டில் சுருண்டு கிடக்கிற பையன்களை போன் போட்டு எழுப்பி இழுத்து வருகிறவளும் அவள்தான். இந்தப் பக்கத்து வேதக்காரர்கள் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், குருவானவரை ஐயர் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் முதலில் முழிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

அந்தக் கோயிலின் வாலிபர் பாடகர் குழுவில் இருபத்திரண்டு பேர். ஷெர்லின் அதற்குச் செயலாளர். குரல் அவளுக்குச் சுமார்தான். கூட்டத்தோடு கோவிந்தா போட்டுவிடுவாள். குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஜெயசித்ராவின் குரல். இலஞ்சிக்காரி. அவள் தனியாகப் பாட ஆரம்பித்தால் பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்கூட எழுந்து வெளியே போக மாட்டார்கள். ஷெர்லினுக்கும் அவளுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். ஒரே டிபன் பாக்ஸ், ஒரே பெஞ்சு.

ஜெயசித்ராவுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அவள் ஜெயசித்ரா, இந்து, பட்டியல் சாதி. கோயில் பதிவேட்டில் மட்டும் ஜாய். பதினாலு வயதில் அம்மா வடிவம்மாளோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தவள். பட்டியல் சாதியில் பிறந்த ஒருவர் வேதத்துக்கு வந்துவிட்டால் சர்க்கார் கணக்கில் அந்தச் சாதி இல்லாமல் போய்விடும். குடியிருக்கிற தெரு மாறாது, ஊர்க்காரன் கூப்பிடுகிற தோரணை மாறாது, சான்றிதழ் மட்டும் செல்லாமல் போகும். அதனால் அந்தத் தெருவில் முக்கால்வாசி வேதக்காரர்களுக்கு இரண்டு பேர் உண்டு. ஊரறிந்த ரகசியம். ஐயருக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஷெர்லின் வீட்டாருக்கு இந்த வம்பே கிடையாது. அவர்கள் கோயிலுக்குப் போனாலும் குளத்தங்கரைச் சாமிக்குப் பொங்கல் வைத்தாலும் சர்க்கார் அவர்களை ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது. இழக்க ஒன்றும் இல்லாதவளுக்குத் தைரியம் சும்மா வரும். ஷெர்லினுக்கும் வந்தது. தன் சிநேகிதி பேரை மறைப்பது விசுவாசத்தில் ஒரு குறை என்று அவள் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். வாய் நீளமாக இருந்தும் இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் ஜெயசித்ரா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள், அத்தோடு போயிருக்கும்.

இலங்கைக்கு ஊழியப் பயணம் போக அழைப்பு வந்தபோது குழுவே தலைகால் புரியாமல் ஆடியது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பத்து நாள், தினம் இரண்டு தோட்டம், பாட்டும் ஜெபமும். பாதிப் பேருக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட். ஜெயசித்ரா அரசு வேலைக்கான தேர்வை மூன்று தடவை கோட்டைவிட்டு நாலாவது தடவை எழுதி, முடிவுக்காகக் காத்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டால் இப்படியெல்லாம் ஊர் சுற்ற முடியாது, போய்விட்டு வா என்று வடிவம்மாள்தான் அவளை அனுப்பினாள். புருஷனை இழந்த வடிவம்மாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கிறவள். சர்க்கரை அவள் கிட்னியைத் தின்றுகொண்டிருந்தது. மகளுக்கு ஒரு வேலை, அது மட்டும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

பாடகர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தனியாகப் பாடுகிறவர் பாட்டுக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார், இந்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று இரண்டு நிமிஷம். ஜெயசித்ராவுக்காக தேவா அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். அவள் மைக்கைத் தொட்டதுமே கீபோர்டில் முன்னிசையை ஆரம்பித்துவிடுவார். இசை புறப்பட்டுவிட்டால் யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். பத்து வருஷமாக இப்படித்தான் ஓடியது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

ஹட்டனில் ஒன்பதாவது நாள் மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்துக் கோயிலில் இருநூறு பேர் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசித்ரா மைக் பக்கம் போகவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கீபோர்டில் விரல் வைத்த தேவா அண்ணனுக்குச் சத்தம் வரவில்லை. அங்கிருந்த போதகர் நல்ல மனுஷர். கரண்ட் வரட்டும் பிள்ளை, அதுவரைக்கும் உங்க சாட்சியைச் சொல்லுங்கள் என்றார். ஜெயசித்ரா திரும்பி ஷெர்லினைப் பார்த்தாள்.

ஷெர்லின் முன்வரிசையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் இருக்கிறவர்களுக்காகக் தென்காசிக் கோயிலின் பேஸ்புக் பக்கத்தில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. போனுக்கு எந்தக் கரண்டும் தேவையில்லையே. நாற்பது சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் நம்ம அத்தைமார், சித்திமார். தேவா அண்ணன் அவசரமாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ஷெர்லின் அதைப் பார்த்தாள். பார்த்தும், சொன்னாள்.

"சொல்லுட்டி. கடல் தாண்டி வந்திருக்கோம். இங்கன நம்மள யாருக்குத் தெரியும்?"

ஜெயசித்ராவுக்கு அந்த நேரத்தில் போன் கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. ஒன்பது நாளாக அவளுக்கு முன்னால் அந்த போன் நின்றுகொண்டேதான் இருந்தது. சுவரில் கடிகாரத்தைப் போல ஆகிவிட்டது. தவிர, சிநேகிதி சொல்கிறாள். அவள் பேசினாள்.

"என் பேரு ஜாய். எங்க ஊர்ல இந்தப் பேர நான் வாய் விட்டுச் சொன்னதில்ல. பதினாலு வயசுல நானும் எங்கம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தோம். வேலைக்காவ மறைச்சு வச்சிருக்கோம். அது எனக்கு தெனம் நெஞ்ச அறுக்குது. இங்கன உங்க முன்னால சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

பிறகு துணை இசை இல்லாமல் பாடினாள். வெளியே மழை கொட்டியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஷெர்லினும் அழுதாள், போன் ஆடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் இதுதான் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. இதைப் பின்னால் நினைக்கிறபோதெல்லாம் அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஊர் வந்து சேர்ந்த இரண்டாம் நாள் ஜெயசித்ரா கேட்டாள், அந்த வீடியோவைப் பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டாயா என்று. ஷெர்லின் எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். அன்று சாயங்காலம் இலஞ்சிக்குப் போனபோது வடிவம்மாள் தனியாகப் படுத்திருந்தாள். காலில் வீக்கம். எம்பிள்ளை பேசினதை இன்னொரு தடவை காட்டு தாயி என்று கேட்டாள். ஷெர்லின் காட்டினாள். அந்தம்மா போனை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மறு வாரமும் கேட்டாள், அதற்கடுத்த வாரமும். மகள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து இவள் காட்டிவிட்டு வருவாள். இதை எப்படி அழிப்பது? அப்படியே விட்டாள். நாளாக நாளாக அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது.

ஆகஸ்டில் வேலைக்கு உத்தரவு வந்தது. செங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வடிவம்மாள் லாட்ஜ் வேலையை விட்டாள். வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ண மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகள் அரசு ஊழியர் என்பதால் வந்த காப்பீட்டு அட்டையை மஞ்சள் பையில் வைத்து, ஒருவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுவாள். ஆறு மாசம் அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்லலாம்.

பிப்ரவரியில் புகார் போனது. யார் போட்டார்கள் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. பட்டியலில் அடுத்து நின்ற யாரோ, தெருவில் வயிறு எரிந்த யாரோ. கையெழுத்தில்லாத ஒரு கடிதம், கூடவே ஒரு பென் டிரைவ். ஜெயசித்ரா கிறிஸ்தவர், பொய்ச் சான்றிதழில் வேலை வாங்கியிருக்கிறார், அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், பாருங்கள். சான்றிதழைச் சரிபார்க்கிற குழுவிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. சான்றிதழ் பொய்யென்று ஆகிவிட்டால் வேலை போகும், வழக்கும் வரும், காப்பீட்டு அட்டையும் போகும்.

ஜெயசித்ரா நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக இரும்புக் கடைக்கு வந்தாள். கல்லாவில் இருந்த காமராஜ் எழுந்து உள்ளே போய்விட்டார். சத்தம் போடுவாள் என்று ஷெர்லின் எதிர்பார்த்தாள். அவள் போடவில்லை.

"எடுத்துட்டேன்னு சொன்னல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

ஷெர்லின் வடிவம்மாளைக் காரணம் சொன்னாள். உங்கம்மாதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அழிக்க மனசு வரவில்லை என்றாள். சொல்லும்போதே தன் வாயில் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. படுக்கையில் கிடக்கிற ஒருத்தி மேல் பழியைப் போடுகிறோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயசித்ரா நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தாள். அம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது தெரியாது, தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

 மறுநாள் காலையில் ஷெர்லின் தேவா அண்ணனிடம்கூடக் கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த சாட்சியை நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று விசாரணையில் சொல்லிவிடுவது. ஜெயசித்ரா இந்து, குரல் நன்றாக இருப்பதால் பாடக் கூட்டிக்கொண்டு போனோம், அங்கே உள்ளவர்கள் மனசு இளகட்டும் என்று நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துப் பேசவைத்தேன். அவ்வளவுதான். ஐயரிடம் போய்ச் சொன்னாள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல் என்று சொல்லவும் அவருக்கு நா எழவில்லை, சொல்லாதே என்று சொல்லவும் எழவில்லை. பதிவேட்டில் ஜெயசித்ரா என்ற பேரில் யாரும் இல்லை, அதைக் கேட்டால் அதை நான் சொல்வேன் என்றார். பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார்.

விசாரணை மார்ச்சில் நடந்தது. அதிகாரி கடுகடுப்பானவர் இல்லை, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கம்ப்யூட்டரில் வீடியோவை ஓடவிட்டார். ஹட்டன் மழை அந்த அறைக்குள் கேட்டது. ஜெயசித்ரா தன் முகத்தைத் தானே பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். சுவர் ஓரமாக தேவா அண்ணன், பாடகர் குழுவின் சார்பில் வரச்சொன்னதால் வந்து உட்கார்ந்திருந்தார். ஷெர்லின் தான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"அப்ப உங்க குழுவுல எல்லாரும் சொல்றது இப்படி எழுதிக் கொடுத்துச் சொல்றதுதானாம்மா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லை, இவளுக்கு மட்டும்தான் என்று சொன்னால் ஏன் இவளுக்கு மட்டும் என்று கேட்பார். ஷெர்லின் தேவா அண்ணன் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னாள்.

"ஆமா சார். எல்லாருக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன்."

பக்கத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. தேவா அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பி வந்து, தன் சாட்சியை ஊர் ஊராக அழுது சொன்ன மனுஷர் அவர். அதற்குப் பிறகு அவர் ஷெர்லினோடு பேசவில்லை. இந்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கப் பரவிவிட்டது. சாட்சியெல்லாம் நாடகமாமே என்று வாசலிலேயே கேட்டார்கள். ஷெர்லினைச் செயலாளர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். வேறு தோட்டங்களிலிருந்து வந்திருந்த அழைப்பு நின்றது. கமிட்டியில் முப்பது வருஷம் இருந்த காமராஜ் ஒரே வரியில் கடிதம் கொடுத்து விலகினார். வீட்டில் மகளைத் திட்டவில்லை. சாப்பிடும்போது அவள் எதிரில் உட்காருவதை மட்டும் விட்டுவிட்டார்.

அவ்வளவுக்கும் பிறகு அதிகாரி முடிவைச் சொல்லவில்லை. வாய் வார்த்தை மட்டும் போதாது, குடும்பத்தின் பழக்கவழக்கம் எப்படி என்று உள்ளூரில் விசாரிப்போம், ஆள் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார். எப்போது வருவார்கள் என்று சொல்லவில்லை. அதுதான் பெரிய கொடுமை. தினமும் வருவார்கள் என்று நினைத்துத் தினமும் தயாராக இருக்க வேண்டியதாகிவிட்டது.

இதற்கு மேல் வடிவம்மாளிடம் மறைக்க முடியவில்லை. சுவரில் இருந்த வசனக் காலண்டர் இறங்கியது. இலஞ்சி முருகன் படம் ஏறியது. பக்கத்துத் தெருவிலிருந்து வடிவம்மாளின் கொழுந்தன் மாடக்கண்ணு வந்து ஆணி அடித்துக் கொடுத்தார். அவர் சுடலை மாடனுக்கு வருஷம் தவறாமல் கிடா வெட்டுகிறவர். அண்ணி வேதத்துக்குப் போனதில் அவருக்கு வருத்தம் உண்டு, ஆனால் இப்போது அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. வடிவம்மாள் காலையில் எழுந்ததும் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். கோயிலுக்குப் போவதில்லை. ஐயர் ஜெபம் பண்ண வருவதில்லை, வரக்கூடாது. நற்கருணை நின்றுபோனது.

ஷெர்லின் ஒரே ஒரு தடவை போனாள். வடிவம்மாள் அவளைத் திட்டுவாள் என்று நினைத்தால், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் உப்பிப்போய், கண் இரண்டும் கோடாக இருந்தன.

"எம்பிள்ளைக்காவத்தான தாயி பூசுதேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்தா என்னைய எங்கன கொண்டு வைப்பாவ?" என்று கேட்டாள்.

 ஷெர்லின் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது அந்தம்மா கண்ணை மூடியிருந்தாள்.

மே மாசக் கடைசியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற வழியில், ஆட்டோவிலேயே வடிவம்மாளின் உயிர் போய்விட்டது. விசாரணைக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஜெயசித்ரா ஐயருக்குச் சொல்லி அனுப்பவில்லை. குழுவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாடக்கண்ணுவுக்கு மட்டும் போன் பண்ணி, சித்தப்பா, நம்ம முறைப்படி செய்துவிடுங்கள் என்றாள். எந்த முறை என்று அவர் கேட்கவில்லை. பந்தல் போட்டார், சங்கும் சேகண்டியும் வரவழைத்தார், நெய்ப்பந்தம் பிடிக்கச் சின்னப் பிள்ளைகளை நிறுத்தினார். ஊர்க்காரர்களோடு கிராம நிர்வாக அலுவலரும் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு வந்தாரா, பார்க்க வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

வேதக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் பாடகர் குழு வந்துவிடும். பெட்டியைச் சுற்றி நின்று பாடுவார்கள், கல்லறைத் தோட்டம் வரைக்கும் முன்னால் பாடிக்கொண்டே நடப்பார்கள், மண் போட்டு முடிகிற வரைக்கும் பாட்டு நிற்காது. ஜெயசித்ரா எத்தனையோ பேர் வீட்டு அம்மாக்களுக்கு அப்படிப் பாடியிருக்கிறாள். செய்தி எப்படியோ தெரிந்து குழு வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. தெருமுனை டீக்கடையில், ஆளுக்கொரு கலரில் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, டீ குடிக்க வந்தவர்கள் மாதிரி தேவா அண்ணனும் இருபது பேரும் நின்றார்கள். யார் கையிலும் பாட்டுப் புத்தகம் இல்லை.

ஷெர்லின் மட்டும் உள்ளே போனாள். வடிவம்மாளின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. சொந்தக்காரப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஜெயசித்ரா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள், அழவில்லை. ஷெர்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவளை அறியாமலே அவள் உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. பாட்டில் பாதி வரிகூட வந்திருக்காது. ஜெயசித்ரா கையை நீட்டி அவள் வாயை அழுத்திப் பொத்தினாள். பல் உதட்டில் குத்திற்று.

"நீ வாயத் தொறக்காத. போதும்," என்றாள்.

அந்தக் கை வெகு நேரம் அங்கேயே இருந்தது. பார்த்தவர்களுக்கு அது இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் தேற்றுகிற மாதிரி இருந்திருக்கும். நாற்காலியில் இருந்த அலுவலர்கூட ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தூக்கினார்கள். தெருமுனைக்கு வந்ததும் மாடக்கண்ணு திரும்பி, பொம்பளைகள் இதோடு நின்றுகொள்ளுங்கள் என்றார். கல்லறைத் தோட்டம் என்றால் பெண்களும் குழிக்குப் பக்கம் வரை போகலாம், கடைசிப் பிடி மண்ணும் போடலாம். சுடுகாட்டுக்கு அந்த வழக்கம் இல்லை. ஜெயசித்ரா சொன்ன இடத்தில் நின்றாள். பாடை டீக்கடையைத் தாண்டிப் போனபோது தேவா அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.  ஒருவரும் பாடவில்லை. சங்குச் சத்தம் தென்னந்தோப்புக்குள் போய் மறைந்தது.

ஜூலையில் ஜெயசித்ராவிடமிருந்து ஷெர்லினுக்கு ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை காலை குற்றாலம் மெயினருவிக்கு வா, பெண்கள் பக்கம் நிற்பேன் என்று இருந்தது. நல்ல சீசன், நல்ல கூட்டம். தெரிந்தவர் கண்ணில் படாமல் இருவர் பேச வேண்டுமென்றால் அந்த மாதிரிக் கூட்டம்தான் சரி. ஷெர்லின் போனபோது அவள் படிக்கட்டில் ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் விசாரணைக் குழுவின் உத்தரவு. புகார் நிரூபிக்கப்படவில்லை, சான்றிதழ் செல்லும், வேலை அவளுக்குத்தான்.

ஷெர்லின் அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜெயசித்ரா உறையை நீட்டி, ரெண்டாம் பக்கத்தில் கடைசிப் பத்தியைப் படி என்றாள். ஷெர்லின் படித்தாள். காணொளி குறித்துச் சாட்சி ஷெர்லின் அளித்த வாக்குமூலம் முழுமையாக நம்பும்படி இல்லை என்று அதில் இருந்தது. ஆயினும், சான்றிதழ்தாரரின் தாயார் வடிவம்மாள் என்பவரின் பிரேதம் இந்து முறைப்படி சடங்குகள் செய்யப்பட்டுத் தகனம் செய்யப்பட்டது கிராம நிர்வாக அலுவலரால் நேரில் பார்வையிடப்பட்டது. எனவே இக்குடும்பத்தார் இந்து மதத்தையே பின்பற்றி வருகின்றனர் என்பது உறுதியாகிறது.

ஷெர்லின் அந்தப் பத்தியை இரண்டாவது தடவை படித்தாள். தான் கோயிலையும் அப்பாவையும் தேவா அண்ணனையும் விலையாகக் கொடுத்துச் சொன்ன பொய்யை அவர்கள் சட்டை செய்யவே இல்லை. அந்தம்மாவைப் புதைக்காமல் எரித்தது மட்டும்தான் உதவியிருக்கிறது. 

"எங்கம்மா செத்து எனக்குச் சாட்சி சொல்லியிருக்கா," என்றாள் ஜெயசித்ரா. "அவ எரிஞ்சதுதான் ஆதாரம். ஃபைல்ல இருக்கு."

அவள் உத்தரவை வாங்கித் திரும்ப உறைக்குள் வைத்து, ஷெர்லினிடமே பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து உறையின் மேல் ஒட்டினாள். பிறகு பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, முண்டியடித்து, தண்ணீர் நேராக விழுகிற இடத்துக்குப் போனாள். அங்கே காதுக்குப் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. அவள் பாறையைப் பார்த்துத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கினாள். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குளிரில் கத்துகிறாள் என்றுதான் பக்கத்தில் நின்ற பெண்கள் நினைத்திருப்பார்கள்.

ஷெர்லின் படிக்கட்டை விட்டு இறங்கி, உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாரல் மேலே விழுகிற இடம் வரைக்கும் போனாள். பத்தடி தூரம்தான். அது என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள அவள் உதட்டையே பார்த்தாள். சேர்ந்து நூறு பாட்டுப் பாடியவள்தான், ஆனாலும் ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் இரைச்சல் ஒன்றுதான் கேட்டது. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசிலடித்து, அடுத்தவர்களுக்கு வழி விடும்மா என்று கையைக் காட்டுகிற வரைக்கும் ஜெயசித்ரா வெளியே வரவில்லை.

வந்தவள் நடுங்கிக்கொண்டே முந்தானையைப் பிழிந்தாள், முடியைப் பிழிந்தாள். உறையை வாங்கினாள். மேலே ஒட்டியிருந்த பொட்டை நகத்தால் எடுத்து, நெற்றியைத் துடைத்து, திரும்ப வைத்துக்கொண்டாள்.

"நேரா இருக்கா?" என்று கேட்டாள்.

ஷெர்லின் இருக்கிறது என்று தலையசைத்தாள்.

"நீ முன்னால போ. ஒண்ணா போவேண்டாம். இனிம எங்கன பாத்தாலும் பேசாத," என்றாள் ஜெயசித்ரா.

ஷெர்லின் முன்னால் நடந்தாள். கடைத்தெரு தாண்டி பஸ் நிற்கிற இடம் வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. தென்காசி பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.